எல்லாருக்கும் நூறு

நூற்றுக்கு நூறு. அடுத்த பையனுக்கும் நூறு. அதற்கடுத்த பெண்ணுக்கும் நூறு. வர்சிதி திரையைக் கீழே தள்ளிக்கொண்டே போனாள். பட்டியல் முடிகிறவரை ஒரு தொண்ணூற்றொன்பதுகூடக் கண்ணில் படவில்லை. மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் கருத்து எழுத வேண்டிய இடத்திலும் எல்லாரும் பேசிவைத்துக்கொண்டதுபோல ஒன்றையே எழுதியிருந்தார்கள்: ‘ரொம்ப அருமை. இப்படியே தொடருங்க. நான் ஏதாவது தப்பாச் சொல்லியிருந்தா மன்னிச்சிருங்க.’ தப்பாகச் சொல்வதற்கு முதலில் எதையாவது சொல்ல வேண்டாமா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்தில் இருந்த தேநீர் ஆறி, சீனி அடியில் தங்கிப் போயிருந்தது. ஆசிரியர் அறையில் அவளைத் தவிர வேறு யாரும் இல்லாதது அன்றைக்கு அந்த அறையின் அதிர்ஷ்டம்.

ஆரம்பப் பள்ளி ஆசிரியர் ஆகப்போகும் பிள்ளைகள் அவர்கள். ஒவ்வொருவரும் பத்து நிமிடம் பாடம் நடத்தி, அதைக் கைபேசியில் படம்பிடித்து வகுப்பின் இணையத் தளத்தில் ஏற்ற வேண்டும். தளம் அதை இன்னும் நான்கு பேருக்குப் பிரித்து அனுப்பும். அவர்கள் பார்த்து, மதிப்பெண் போட்டு, எது நன்றாக இருந்தது, எது சறுக்கியது என்று எழுத வேண்டும். இதைத் துறைக்குள் கொண்டுவர வர்சிதி ஒரு வருஷம் மல்லுக்கட்டியிருந்தாள். ஒரே வாத்தியாரின் ஒரே ஜோடிக் கண்ணுக்குப் பதிலாக நான்கு ஜோடி இளம் கண்கள் பார்த்தால் எவ்வளவு நல்லது என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசினாள். கண்கள் எல்லாம் பார்த்தன, அதில் குறையே இல்லை. வாய்தான் திறக்கவில்லை.

இந்தச் சோலோ ஊர்க்காரர்கள் அப்படித்தான். தேநீரில் சீனிக்குப் பதில் உப்பைப் போட்டுக் கொடுத்தாலும் ‘வித்தியாசமா இருக்குங்க’ என்று கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். வர்சிதியோ மேற்கே பன்யுமாஸ் பக்கம் பிறந்தவள். அங்கே குழந்தை பார்க்க வருகிறவர்கள்கூட ‘மூக்கு அப்பன் மூக்கா, அடப் பாவமே’ என்று சொல்லிவிட்டுத்தான் தொட்டிலில் பரிசை வைப்பார்கள். அந்த நாக்கை வைத்துக்கொண்டு இந்த ஊரில் காலம் தள்ளுவது லேசில்லை. வந்த புதிதில் சக ஆசிரியர் ஒருவரின் புதுச் சட்டையைப் பார்த்து ‘இது திரைச்சீலைத் துணியா’ என்று உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவர் இன்றுவரை அதை மறுபடி போடவில்லை.

போன வருஷம் ஜத்மிகோ என்று ஒரு பையன் இருந்தான். தங்கமான பிள்ளை. பாடம் நடத்தும்போது மட்டும் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிக் கரும்பலகையோடு பேசுவான். அவனுக்கும் நண்பர்கள் நூறுதான் போட்டார்கள், அப்போது காகிதத்தில். பயிற்சிக்குப் போன பள்ளியில் ஒரு வாரம் பார்த்துவிட்டுத் தலைமை ஆசிரியை பலகாரப் பொட்டலமும் கொடுத்து, ரொம்ப மரியாதையாகத் திருப்பி அனுப்பிவைத்தார். அவன் பிறகு கல்லூரிப் பக்கமே வரவில்லை. இப்போது பச்சைச் சட்டை போட்டு வாடகை மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறான். சாலையில் வர்சிதியைப் பார்த்தால் வண்டியை ஓரம்கட்டி, தலைக்கவசத்தைக் கழற்றிக் கும்பிடுகிறான். அந்தக் கும்பிடுதான் அவளுக்குத் தாங்க முடியவில்லை.

இந்த வருஷம் விதுரி. பாடத்தைப் பிரித்துச் சொல்வதில் அவளை மிஞ்ச அந்த வகுப்பில் ஆள் கிடையாது. ஆனால் குரல் மூன்றாவது வரிசையைத் தொடுவதற்குள் கரைந்துவிடும். பருவத்தின் தொடக்கத்தில் வர்சிதி முகத்துக்கு நேரே சொல்லிப் பார்த்தாள்: ‘நீ பாடம் நடத்தறியா, மனசுக்குள்ள ஜெபம் பண்றியா?’ விதுரி சிரித்தாள், குனிந்து நன்றி சொன்னாள், அப்புறம் இரண்டு வாரம் வகுப்புக்கு வரவில்லை. அன்றோடு வர்சிதி தன் வாயை மூடிக்கொண்டாள். தன்னால் சொல்ல முடியாததை விதுரி வயசுப் பிள்ளைகள் பதமாகச் சொல்வார்கள் என்றுதான் இந்தத் தளத்தையே நம்பியிருந்தாள். விதுரிக்கும் நான்கு நூறு வந்திருந்தது.

சரி, பெயர் தெரிவதால்தான் பயப்படுகிறார்கள் என்று இரண்டாவது சுற்றில் யார் யாருக்கு எழுதுகிறார்கள் என்பதே தெரியாதபடி பெயர்களை மறைத்தாள். ஊரிலிருந்து அக்கா கொடுத்தனுப்பிய மெந்தோவான், மாவில் தோய்த்து அரைவேக்காட்டில் எடுத்த தெம்பே என்ற சோயாக் கட்டி, ஒரு கையில். கணினிச் சுட்டி ஒரு கையில். பன்னிரண்டு மணிக் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது. படபடவென்று நாலைந்து கட்டங்களில் குறியிட்டுச் சேமித்துவிட்டு ஓடினாள்.

அடுத்த வாரம் துறைத்தலைவர் பாக் திர்தோ, அதாவது திர்தோ ஐயா, கூப்பிட்டனுப்பினார். அவர் ஒரு விஷயத்தைச் சொல்வதற்கு முன் மழையைப் பற்றிப் பேசுவார். மழையில் அழுகும் மிளகாய், மிளகாய் இல்லாத சம்பல், சம்பல் ஒத்துக்கொள்ளாத தன் வயிறு என்று ஊரெல்லாம் சுற்றி வந்துதான் விஷயத்தின் வாசலில் செருப்பைக் கழற்றுவார். வர்சிதி பல்லைக் கடித்துக்கொண்டு வயிறு வரைக்கும் கேட்டாள்.

“இபு வர்சிதி, உங்க அக்கறை எனக்குத் தெரியும்” என்றார் கடைசியில், ‘இபு’ என்ற அம்மா மரியாதை குறையாமல், மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பி. “ஆனா இதைக் கொஞ்சம் பாருங்களேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலு பேரு நூறு போட்டிருக்காங்க. அஞ்சாவதா ஒருத்தர் மட்டும் அம்பது, அறுபது, ஒருத்திக்கு நாப்பதுகூட. எழுதினதும் கொஞ்சம் காரமா இருக்கு. நம்ம பசங்க எழுதற மாதிரி இல்ல.”

“அதனால?”

“அதனாலன்னு இல்ல. உங்க ஊர்ப் பக்கம் இப்படிப் பட்டுனு பேசறது சகஜம்தான். என் மச்சினன்கூட அந்தப் பக்கம்தான் பொண்ணு எடுத்திருக்கான்.”

“நான் எழுதல, பாக்.”

“நீங்க எழுதினீங்கன்னு நான் சொல்லவே இல்லையே” என்றார் பாக் திர்தோ, ரொம்பப் பிரியமாக.

சண்டை போடுகிறவரோடு சண்டை போடலாம். இவரோடு என்ன செய்வது? அவர் தேநீரை அவள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு மெல்லத் தொடர்ந்தார். வெள்ளிக்கிழமை வகுப்புக்குத் தானே வந்து உட்கார்ந்து பார்ப்பதாகச் சொன்னார். அதற்குப் பிறகு இந்தத் தளத்து விவகாரத்தை மூடிவிட்டு, பழையபடி நாமே கையால் மதிப்பெண் போட்டுக்கொள்ளலாமே என்றார். “அப்புறம் அந்தப் பொண்ணு விதுரி. இந்த வருஷம் பயிற்சிக்குப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாம நிறுத்தி வச்சிரலாம்னு தோணுது. போய்த் திரும்பி வர்றதைவிட இது மரியாதை இல்லையா?”

நிறுத்தி வைக்கப்பட்டவர்கள் யாரும் அடுத்த வருஷம் வந்ததில்லை என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். சிரித்த முகத்தோடு எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஊர் போய்ச் சேருவார்கள். இன்னொரு ஜத்மிகோ. வர்சிதி எதுவும் சொல்லாமல் எழுந்து வந்தாள். அவளைப் பொறுத்தவரை அதுவே பெரிய மரியாதை.

அறைக்கு வந்து தளத்தைத் திறந்து, ஆசிரியருக்கு மட்டும் பெயர் தெரியும் பக்கத்துக்குப் போனாள். எவன் அந்த ஐந்தாவது ஆள், பார்த்துவிடலாம். பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். பிறகு தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டாள். ‘தன் வேலையைத் தானும் மதிப்பிடலாம்’ என்ற கட்டத்தில் எண்ணெய் விரலோடு அவளேதான் குறியிட்டிருக்கிறாள். ஒவ்வொருவருக்கும் நண்பர்களுடைய நான்கு படங்களோடு அவரவர் படமும் போயிருக்கிறது. நண்பர்களுக்கெல்லாம் நூறு போட்ட அதே கைகள் தமக்குத் தாமே ஐம்பதும் அறுபதும் போட்டிருக்கின்றன. தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது அழகா என்ன?

அதைவிட, தன் படமே தனக்கு வந்திருக்கிறதே, இபு எதையோ தப்பாக அழுத்திவிட்டாரோ என்று வகுப்பில் ஒரு ஜீவன்கூட வந்து கேட்கவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடுதான் படிக்க ஆரம்பித்தாள், பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது.

‘கேள்வி கேட்டுட்டு நானே பதிலும் சொல்லிடறேன். பிள்ளைங்க யோசிக்கற அந்த அமைதி எனக்குப் பயமா இருக்கு’ என்று ஒரு பையன் எழுதியிருந்தான். ‘வகுத்தல் கணக்கு வரும்போது அதிகமாச் சிரிக்கறேன். எனக்கே அது சரியாப் புரியல, மறைக்கத்தான் சிரிப்பு’ என்று இன்னொருத்தி. வகுப்பிலேயே வாய் ஓயாத மெனிக்கும்கூட எழுதியிருந்தாள்: ‘என் சத்தத்துல பிள்ளைங்க வாயைத் திறக்கவே இடம் இல்ல.’ தான் இந்த வகுப்பில் பருவம் முழுவதும் கவனித்து, சொன்னால் மனசு கோணுமே என்று விழுங்கிய அத்தனையும் அங்கே இருந்தது. தான் கவனிக்காதவையும் இருந்தன. நாற்பது போட்டிருந்தவள் விதுரி.

‘சத்தம் மூணாவது வரிசையைத் தாண்டல. கடைசி வரிசையில ரெண்டு பேர் ஒருத்தரை ஒருத்தர் பாத்துச் சிரிச்சுக்கறது படத்துல தெரியுது. இது எனக்கு ரொம்ப நாளாத் தெரியும். எப்படிச் சரி பண்றதுன்னுதான் தெரியல.’

வர்சிதி அந்த நான்கு வரிகளை மறுபடியும் படித்தாள். விதுரிக்குத் தெரியாது என்று நினைத்து ஒரு வகுப்பே அவளைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறது. அவளோ அத்தனையும் தெரிந்து நடுவில் தனியாக நின்றிருக்கிறாள். அவளை ஜெபம் பண்ணுகிறாயா என்று கேட்டோமே என்று நினைத்தபோது வர்சிதிக்குக் கண் கரித்தது.

உணவகத்தில் விதுரியைப் பிடித்தாள். அவள் மூலையில் தனியாகச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இபுவைப் பார்த்ததும் எழுந்து நின்று, கையைத் துடைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“உன்னோட படத்துக்கு நீ எழுதினதைப் படிச்சேன். தெரிஞ்சிருந்தா ஏன் யார்கிட்டயும் கேக்கல?”

“எப்படிக் கேக்கறது, இபு? என் சத்தம் கேக்குதான்னு கேட்டா, பாவம் அவங்க, நல்லாக் கேக்குதேன்னு பொய் சொல்ல வேண்டியிருக்கும். என்னால அவங்களுக்கு எதுக்குப் பாவம்?”

வர்சிதி நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் ஊரில் இப்படி ஒரு பதிலை யாரும் யோசித்தே பார்த்திருக்க முடியாது.

“ஊர்ல வீட்டுல அப்பா ராத்திரி பஸ் ஓட்டறவரு” என்றாள் விதுரி, கேட்காமலே. “பகல்ல தூங்குவாரு. நாங்க மூணு பேரும் மூச்சுக்கூட மெல்லத்தான் விடுவோம். அப்படியே பழகிருச்சு.”

“நீ எழுதினதை வகுப்புல மத்தவங்க படிக்கலாமா? நீ வேண்டாம்னா வேண்டாம்.”

விதுரி தட்டில் இருந்த சோற்றை ஒரு ஓரமாக ஒதுக்கினாள். “அவங்களுக்குச் சங்கடமா இருக்குமே, இபு.”

“முதல்ல நான் சங்கடப்படறேன். பாத்துட்டு அப்புறமாச் சொல்லு.”

அன்று மாலையே வர்சிதி தன்னுடைய வகுப்புப் படம் ஒன்றைத் தளத்தில் ஏற்றினாள். தனக்கு ஐம்பது போட்டுக்கொண்டாள். கீழே எழுதினாள்: ‘தப்பைப் பாத்தா என் நாக்கு முந்திக்குது. சொல்றது சரியா இருந்தாலும் எதிர்ல இருக்கறவங்க முகம் சுருங்கிடுது. பருவம் தொடங்கினப்ப ஒருத்தர் மனசை நோகடிச்சேன். எப்படி மாத்திக்கறதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.’ மற்றவர்கள் நூறு போடும் இடத்தையே எடுத்துவிட்டாள். ‘இதுக்கு என்ன செய்யலாம்’ என்ற ஒரே ஒரு பெட்டியை மட்டும் விட்டுவைத்தாள்.

கல்யாண வீட்டுச் சமையல்தான் அவளுக்கு இந்த யோசனையைக் கொடுத்தது. சமையலுக்குத் தெருவே திரண்டு வரும் ஊர் இது. குழம்பில் உப்பில்லை என்று வந்தவர்களில் ஒருத்தியும் சொல்லமாட்டாள், கொன்றாலும் சொல்லமாட்டாள். வீட்டுக்காரி அகப்பையை நக்கிப் பார்த்து ‘உப்புக் குறையுதோ’ என்று சொல்லட்டும், அடுத்த நிமிஷம் ஐந்து பேர் ஐந்து உப்பு ஜாடியோடு நிற்பார்கள்.

முதல் நாள் பெட்டி காலியாகவே கிடந்தது. இரண்டாம் நாள் வகுப்பில் கட்டத்தைத் தப்பாக அழுத்திய கதையைச் சொல்லிவிட்டு, “ஏன்பா, ஒருத்தருக்குக்கூடச் சொல்லத் தோணலையா?” என்று கேட்டாள். வகுப்புத் தலைவன் எஸ்து எழுந்து, “இபு ஏதாவது காரணமாத்தான் வச்சிருப்பீங்கன்னு நெனச்சோம்” என்றான். “எங்க ஊரா இருந்தா ‘இபுவுக்குக் கண்ணு தெரியலையா’ன்னு அன்னைக்கே கேட்டிருப்பாங்க” என்றாள் வர்சிதி. வகுப்பு முதலில் மெல்ல, பிறகு நன்றாகவே சிரித்தது.

அன்று சாயங்காலம் முதல் பதில் வந்தது. பெயர் மறைக்கவில்லை, விதுரி.

‘மன்னிக்கணும் இபு. இபு தப்புன்னு சொன்னதும் என் காது அடைச்சுக்குது. அதுக்கப்புறம் இபு சொல்ற நல்ல விஷயம் எதுவும் உள்ள போறதில்ல. சொல்றதுக்கு முன்னாடி ஒரு மூச்சு விடற நேரம் நிறுத்தினா, நானே என் தப்பைச் சொல்லிடுவேன்னு தோணுது. என்னோடதையும் எல்லாரும் படிக்கட்டும்.’

ஒரு மாணவி, அதுவும் சோலோ மாணவி, தன் ஆசிரியையின் குறைக்கு வைத்தியம் எழுதியிருக்கிறாள். வைத்தியமும் சரியாக இருக்கிறது. வலித்தது. ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மடை திறந்தாற்போல அதற்குப் பிறகு வந்தது. ஒவ்வொருவராகத் தங்கள் குறையைத் திறந்து வைத்தார்கள், வைத்த மாத்திரத்தில் மற்றவர்கள் ஓடி வந்தார்கள். கேள்வி கேட்டுவிட்டு அமைதிக்குப் பயப்படும் பையனுக்கு, மனசுக்குள் ஒரு பாட்டின் இரண்டு வரி பாடி முடிக்கும்வரை காத்திரு என்று எஸ்து எழுதினான். வகுத்தலுக்குச் சிரிக்கிறவளுக்கு வாழைப்பழச் சீப்பை வைத்துக் கணக்குச் சொல்லும் படம் ஒன்றை யாரோ எடுத்தே அனுப்பினார்கள். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. குறையைத்தான் அவரவரே சொல்லியாகிவிட்டதே.

விதுரியின் பெட்டியில் முதலில் சுக்குத் தண்ணீர், மூச்சுப் பயிற்சி என்று வந்தன. கடைசியில், அவளோடு ஒரே விடுதியில் மாடியறையில் இருக்கும் மெனிக் எழுதினாள்: ‘ஏண்டி, தெருமுனையில போற சிலோக் உருண்டை வண்டியை மாடியில இருந்து யாரு நிறுத்தறா? நானா? “பாக், ரெண்டு பொட்டலம்”னு நீ ஒரு குரல் விட்டா அந்த மனுஷன் பிரேக் போட்டுத் திரும்பி வர்றாரு. அந்தச் சத்தத்தை எங்க ஒளிச்சு வச்சிருக்க? அதைக் கொண்டா.’ அதற்குக் கீழே வகுப்பே சிரிப்புப் படங்களாகப் போட்டிருந்தது. விதுரி ஒரே வரியில் பதில் எழுதியிருந்தாள்: ‘அது பசியில வர்ற சத்தம்.’ மெனிக் விடவில்லை: ‘அப்ப வெள்ளிக்கிழமை சாப்பிடாம வா.’

வெள்ளிக்கிழமை பாக் திர்தோ கடைசி வரிசை ஓரமாக வந்து உட்கார்ந்தார். எல்லாருக்கும் வணக்கம் சொன்னார், மழை வராததற்கு நன்றி சொன்னார், பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டார். வகுப்பு முழுவதும் சின்னப் பிள்ளைகளாக மாறி உட்கார்ந்திருந்தது. மாடி வகுப்பு, ஜன்னல்களெல்லாம் திறந்திருந்தன, கீழே வாதாமரத்தடியிலிருந்து சிலோக் உருண்டையும் நிலக்கடலைச் சாறும் வேகிற வாசனை ஏறி வந்துகொண்டிருந்தது. மத்தியானக் கூட்டம் கலைந்துவிட்டதால், விடுதித் தெருவுக்கும் போகிற அதே வண்டிக்காரர் கிளம்பத் தயாராக மூடியைத் தட்டித் தட்டிச் சரிபண்ணிக்கொண்டிருந்தார்.

விதுரி முன்னால் வந்து நின்றாள். பலகையில் ஒரு வட்டம் போட்டாள், நான்காகப் பிரித்தாள், திரும்பினாள். வாய் அசைந்தது. முதல் வரிசை கேட்டது. இரண்டாம் வரிசை முன்னால் சாய்ந்தது. பாக் திர்தோ பேனாவைக் கையில் எடுத்தார். வர்சிதியின் நாக்கு நுனியில் ‘கேக்கல’ என்ற சொல் வந்து நின்று துடித்தது. அவள் ஒரு மூச்சு விட்டாள். இன்னொரு மூச்சும் விட்டாள். வாழ்நாளில் அவ்வளவு நேரம் அவள் எதையும் சொல்லாமல் இருந்ததில்லை.

விதுரி பாதி வாக்கியத்தில் நின்றாள். “மன்னிக்கணும்” என்றாள், யாரிடம் என்று தெரியவில்லை. “கடைசி வரிசைக்குக் கேக்கல, இல்ல?”

எல்லாரும் பாவமாகச் சிரித்தார்கள். கடைசி வரிசையில் பாக் திர்தோவுக்குப் பக்கத்தில் இருந்த மெனிக் மட்டும் மெல்ல, மரியாதையாக, கையைத் தூக்கினாள். “கேக்கலங்க, டீச்சர்” என்றாள் சின்னப் பிள்ளைக் குரலில். அந்த ஊரில் அந்த வகுப்பில் ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்து அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. பாக் திர்தோவே திரும்பி அவளைப் பார்த்தார். மெனிக்கோ ஒன்றும் அறியாதவள்போல ஜன்னலுக்கு வெளியே பார்வையை ஓட்டினாள்.

கீழே வண்டியின் சக்கரம் கிறீச்சிட்டுக் கிளம்பியது. விதுரியும் ஜன்னலைப் பார்த்தாள். அவள் முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு வந்தது. கும்பிட்டு நன்றி சொல்லும் அந்தப் பழைய சிரிப்பு இல்லை. சாக்கட்டியைக் கீழே வைத்தாள். மோவாயைத் தூக்கி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள்.

“பிள்ளைங்களா, எல்லாரும் இங்க பாருங்க.”

பாக் திர்தோவின் பேனா மூடி உருண்டு கீழே விழுந்தது. அவர் அதை எடுக்கக் குனியவில்லை. விதுரி நிறுத்தாமல் மேலே போனாள். வட்டம், அரை, கால் என்று சொல் ஒவ்வொன்றும் பின்சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. வர்சிதி ஜன்னலோரம் ஒதுங்கி, கண்ணை யாரும் பார்க்காதபடி வெளிப்பக்கம் திரும்பி நின்றாள்.

கீழே வாதாமரத்தைத் தாண்டிப் போயிருந்த சிலோக் வண்டி நின்றிருந்தது. வண்டிக்காரர் கரண்டியும் கையுமாக, திறந்த பானையின் ஆவிக்கு நடுவே முகத்தைத் தூக்கி, எந்த ஜன்னல் என்று தேடிக்கொண்டிருந்தார்.